பெயர்ந்து விழுந்த வாஷ்பேசினுக்கு யார் பணம் கொடுப்பது?

கேள்வி: டிசம்பரில் முட்டத்தில் கடலோர வீடு ஒன்றை இரண்டு நாளுக்கு வாடகைக்கு எடுத்தோம். அட்வான்ஸ் 5,000 ரூபாய். கிளம்பும் அன்று என் ஒன்பது வயது மகன் கைவைத்ததும் வாஷ்பேசின் பெயர்ந்து விழுந்து உடைந்தது. கண்ணாடி பார்க்க ஏறினானோ என்னவோ, தெரியவில்லை. நல்லவேளை, அடிபடவில்லை. பேசின் 3,000, சுவர் முழுக்க டைல்ஸ் 4,000, பிளம்பர் கூலி 1,500 என்று கணக்குச் சொல்லி, அட்வான்ஸ் போக மேலும் 3,500 கேட்கிறார் வீட்டுக்காரர். ‘பொருள் உடைந்தால் அட்வான்ஸ் திரும்பக் கிடையாது’ என்று சுவரில் ஒட்டியிருந்தது. கொடுக்கத்தான் வேண்டுமா? போட்டோ இணைத்திருக்கிறேன்.
- மதுரை வாசகி

பதில்: போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பேசினைத் தாங்கிய ஸ்க்ரூ துருவேறி ஈர்க்குச்சி மாதிரி மெலிந்திருக்கிறது. சுவர்த் துளையிலிருந்து பழுப்புக் கறை கீழே வழிந்து காய்ந்து கிடக்கிறது. ஒரு நாளில் வந்த கறையா அது? நான் நாகர்கோவில்காரி. முட்டம், குளச்சல் பக்கமெல்லாம் உப்புக்காற்று இரும்பை என்ன பாடு படுத்தும் என்று பார்த்தே வளர்ந்தவள். அந்தக் காற்றில் வீட்டை வாடகைக்கு விடுகிறவர் ஸ்க்ரூவையும் அவ்வப்போது பார்த்தாக வேண்டும்.

முகம் கழுவுகிறவர் பேசினில் கை ஊன்றத்தான் செய்வார். அதற்கே விழுந்ததென்றால் நீங்கள் ஒரு பைசா தர வேண்டாம்.

ஆனால் ‘ஏறினானோ என்னவோ’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். திட்டாமல், பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். ஏறியிருந்தால் உங்களுக்கும் பங்கு உண்டு. அப்போதும் பழைய பேசினுக்குப் புதுப் பேசின் விலை முழுவதையும் தருவது நியாயமில்லை. என் கணக்கில் பேசினிலும் கூலியிலும் பாதி, 2,250 ரூபாய். உடைந்த டைல்ஸ் இருந்தால் அவற்றுக்கும் பாதி சேர்த்துக்கொள்ளுங்கள். சுவர் முழுக்க மாற்றுவது அவர் விருப்பம், அவர் செலவு. சீசன் நேரத்தில் பாத்ரூம் உடைந்து நின்றால் அவருக்கும் கஷ்டம்தான், அதனால் தன்மையாகவே பேசுங்கள். பிளம்பர் பில்லை மட்டும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

சுவரில் ஒட்டிய காகிதத்துக்குப் பயப்பட வேண்டாம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 74-வது பிரிவுப்படி, தொகையை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாலும் அதற்கு உட்பட்ட நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும்.

பேசியும் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் நுகர்வோர் ஆணையம். அதற்காக நாகர்கோவிலுக்கு அலைய வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மதுரையிலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு வருடம் அவகாசம் உண்டு, இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணமும் இல்லை.

பணப் பேச்சு எப்படிப் போனாலும் சரி, அந்தப் போட்டோவை இன்றே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். வேறு பாத்ரூம் இருந்தால் அங்கேயும் இதே காற்றுதான். அடுத்த குடும்பம் வருவதற்குள் அந்த ஸ்க்ரூவையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.