சிவப்புக்கு முன்னே வெள்ளை

கேள்வி: இந்திய விமானப்படையின் வான்சாகசக் குழுவான சூரிய கிரணின் சிவப்பு-வெள்ளை ஹாக் விமானத்தை 1:72 அளவு மாதிரியாகச் செய்கிறேன். சாம்பல் நிற பிளாஸ்டிக்கின் மேல் எத்தனை முறை பூசினாலும் சிவப்பு செங்கல் நிறமாகவே தெரிகிறது. அதன் மேல் அடித்த வெள்ளையும் இளஞ்சிவப்பாகிவிட்டது. என்ன செய்வது?
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: சிவப்பு, மஞ்சள், செம்மஞ்சள் ஆகிய நிறமிகளில் பல ஒளியை ஊடுருவவிடுவதால், அடியில் உள்ள சாம்பல் நிறம் மேலே தெரிந்து சிவப்பின் பளிச்சென்ற தோற்றத்தைக் கெடுக்கிறது. எனவே மாதிரி முழுவதற்கும் முதலில் வெள்ளை பிரைமர் (அடிப்பூச்சு) அடித்து, நன்கு உலர்ந்தபின் வெள்ளையாக நிற்கவேண்டிய பகுதிகளை டேப்பால் மறைத்து, டேப்பின் விளிம்பில் மீண்டும் மெல்லிய வெள்ளைப் பூச்சு கொடுத்த பிறகே சிவப்பைத் தொடங்குங்கள். அந்த விளிம்புப் பூச்சு, சிவப்பு உள்ளே கசியும் சந்துகளை அடைத்துவிடும். சிவப்பையும் ஒரே தடவையில் அப்பாமல் மெல்லிய படலங்களாக ஏற்றவேண்டும்.

வெள்ளை இளஞ்சிவப்பானதற்குக் காரணம், சில சிவப்பு நிறமிகள் மேற்பூச்சின் கரைப்பானில் கரைந்து மேலேறுவதுதான். அதற்குமேல் எத்தனை வெள்ளை அடித்தாலும் வீண். பூச்சை அகற்றிவிட்டுத் தொடங்குவதே நல்லது.

குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் லேக்கர் வகைப் பெயின்ட்டைத் தவிர்க்கலாம். அதன் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் படிந்து, பளபளப்பு வெண்மையாக மூடிக்கொள்ளும். அக்காலத்து மேல்காற்று தூசியையும் கொண்டுவரும் என்பதால், உலரும் வரை மாதிரியை ஒரு பெட்டியால் மூடி வையுங்கள்.