என்95 போட்டும் மூக்கோரம் வெள்ளைத் தூசி ஏன்?

கேள்வி: கல் அறுக்கும் பட்டறையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். கிரானைட், குவார்ட்ஸ் பலகைகளை அறுத்து, மெருகேற்றித் தருகிறோம். எல்லாருக்கும் என்95 மாஸ்க் கொடுத்திருக்கிறோம். ஆனாலும் வேலை முடிந்து கழற்றும்போது மூக்கோரம் வெள்ளையாகத் தூசி படிந்திருக்கிறது. கல் ஒட்டுகிற பசையும் அசிட்டோனும் கையாளுகிறவர்கள், மாஸ்க்குக்குள்ளேயும் வாடை வருகிறது, தலை வலிக்கிறது என்கிறார்கள். இரண்டு மாஸ்க் சேர்த்துப் போடச் சொல்லலாமா? அல்லது இன்னும் உயர்ந்த ரகமாக வாங்க வேண்டுமா?

பதில்: இரண்டு மாஸ்க் வேண்டாம். மேலே இன்னொன்றைக் கட்டினால் மூச்சிழுப்பது சிரமமாகும், உள்ளே இருப்பது இடம் நகர்ந்து விளிம்பில் இடைவெளி விழும். உயர்ந்த ரகம் தேவைப்படலாம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு வெவ்வேறு சிக்கல்கள் கலந்திருக்கின்றன. தூசி உள்ளே போவது மாஸ்க் முகத்தில் சரியாகப் படியாததால். வாடை உள்ளே போவது அந்த மாஸ்க் அந்த வேலைக்கானதே அல்ல என்பதால்.

முதலில் தூசி. என்95 என்ற பெயரில் உள்ள 95, வடிகட்டும் துணியைப் பற்றியது. பிடிபடுவதற்கு மிகக் கடினமான, சுமார் 0.3 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுத் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தை அது நிறுத்தும். ஐரோப்பியத் தரத்தில் எஃப்எஃப்பி2 என்பது 94 சதவீதம், எஃப்எஃப்பி3 என்பது 99 சதவீதம். எல்லாமே காற்று துணி வழியாகப் போனால் மட்டும் பொருந்தும் கணக்கு. மூக்குத் தண்டின் ஓரம் ஒரு சின்ன சந்து இருந்தால் காற்று துணியோடு போராடாது, சந்து வழியாகவே போகும். மூக்கோரம் நீங்கள் பார்த்த வெள்ளைக் கோடு அந்தச் சந்தின் வரைபடம். கழற்றியதும் ஒவ்வொருவர் முகத்தையும் பாருங்கள். கோடு மூக்கருகே இருந்தால் கம்பி சரியாக அழுத்தப்படவில்லை. தாடையோரம் இருந்தால் கீழ்ப் பட்டை சரியில்லை, அல்லது அந்த அளவு மாஸ்க் அவர் முகத்துக்கு ஆகாது.

போடும் முறையைப் பக்கத்தில் நின்று கவனித்தாலே பாதிக் குறை தெரிந்துவிடும். மேல் பட்டை காதுக்கு மேலாகப் பின்னந்தலை உச்சியில் நிற்க வேண்டும், கீழ்ப் பட்டை காதுக்குக் கீழே பிடரியில். இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டக் கூடாது. பெரும்பாலான இடங்களில் கீழ்ப் பட்டை கழுத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும், ‘இறுக்கமா இருக்கு சார்’ என்று அறுத்தெறிந்தவர்களும் உண்டு. மூக்குக் கம்பியை ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூரை போல நிமிர்ந்து நின்று இரண்டு பக்கமும் சந்து விடும். இரண்டு கை விரல்களாலும் நடுவிலிருந்து கன்னம் நோக்கி நீவி அழுத்த வேண்டும். பிறகு இரு உள்ளங்கையாலும் மாஸ்க்கை மூடிக்கொண்டு சற்று வேகமாக மூச்சை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்கோ கன்னத்துக்கோ காற்று தட்டினால் மறுபடியும் சரிசெய்ய வேண்டும். வால்வு உள்ள மாஸ்க் என்றால் மூச்சை உள்ளே இழுத்துப் பார்ப்பதே சரி, மாஸ்க் லேசாக முகத்தோடு ஒட்ட வேண்டும். ஒவ்வொரு முறை போடும்போதும் இதைச் செய்ய அரை நிமிடம்கூட ஆகாது.

இது தினசரிச் சோதனை. இந்த மாதிரி மாஸ்க் இவர் முகத்துக்குப் பொருந்துமா என்பதை முடிவுசெய்ய வேறு ஒரு பொருத்தச் சோதனை இருக்கிறது. மாஸ்க் போட்டவரின் தலைக்கு மேல் ஒரு மூடியைக் கவிழ்த்து, சாக்கரின் கரைசலையோ கசப்புக் கரைசலையோ உள்ளே தெளிப்பார்கள். அவர் தலையைத் திருப்பி, நிமிர்ந்து, குனிந்து, பேசிக் காட்ட வேண்டும். இனிப்போ கசப்போ நாக்கில் தட்டினால் அந்த மாஸ்க் அவருக்கு இல்லை. அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு நிறுவனமான ஓஷா இதை ஆண்டுக்கு ஒரு முறையாவது செய்யச் சொல்கிறது. மாஸ்க்கின் மாடல் மாறினாலும், எடை வெகுவாகக் கூடிக் குறைந்தாலும், பல் எடுத்தாலும் மறுபடி செய்ய வேண்டும். ஒரே அளவில் பெட்டி பெட்டியாக வாங்கி வரிசையில் கொடுப்பது முகங்களெல்லாம் ஒன்று என்று நினைப்பதுதான்.

தாடி விஷயத்தில் சமரசமே கிடையாது. விளிம்பு படியும் இடத்தில் இரண்டு நாள் முள்முடி இருந்தாலும் ஒட்டாது. மதத்துக்காகவோ விருப்பத்துக்காகவோ தாடி வைத்திருப்பவரை மழிக்கச் சொல்லி மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. இடுப்பில் மோட்டார் கட்டி, வடிகட்டிய காற்றைத் தலைமூடிக்குள் ஊதும் தளர்வான கவசம் அவருக்குச் சரி. அதற்கு முகத்தோடு ஒட்டும் விளிம்பே இல்லை.

‘உயர்ந்த ரகம்’ என்ற கேள்விக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓஷா கணக்கில் என்95, ரப்பர் அரைமுகக் கவசம் இரண்டுக்கும் பாதுகாப்பு மதிப்பு 10. அதாவது, சரியாகப் பொருந்தினால் வெளியே இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும். முழுமுகக் கவசத்துக்கு 50. இப்போது 8 மணி நேர வேலையில், அதாவது 480 நிமிடத்தில், வியர்வை துடைக்க, போன் பேச, பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட என்று தூசிக்குள்ளேயே மொத்தம் 30 நிமிடம் ஒருவர் கவசத்தை இறக்கிவிடுகிறார். அரைமுகக் கவசத்தின் 10 சுமார் 6 ஆகிவிடும். முழுமுகக் கவசத்தின் 50 வெறும் 12 ஆகிவிடும்! விலை கூடிய கவசம் வாங்கி, அதைக் கழற்ற வைக்கும் வெக்கையையும் சத்தத்தையும் அப்படியே விட்டுவைத்தால் கொடுத்த காசில் முக்கால்வாசி வீண். தூசி இல்லாத தனி இடத்தில் இடைவேளை கொடுங்கள். தண்ணீர் குடிக்கும் இடமும் அங்கேயே இருக்கட்டும்.

அதைவிட முக்கியம், காற்றில் தூசி வராமலேயே செய்வது. குவார்ட்ஸ் பலகைகளில் 90 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா இருப்பவை உண்டு. கிரானைட்டில் அவ்வளவு இல்லை. கண்ணுக்குத் தெரியும் மாவு போன்ற தூசி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். கண்ணில் படாத, 10 மைக்ரானுக்கும் சிறிய சிலிக்காத் துகள்கள்தான் நுரையீரலின் அடிவரை போய்த் தழும்பை உண்டாக்கும். அந்தத் தழும்பு ஆறாது, அதனால் வரும் சிலிக்கோசிஸ் நோயைக் குணமாக்கும் மருந்து கிடையாது. இந்த நுண்ணிய சிலிக்காத் தூசிக்கு ஓஷா வைத்திருக்கும் வரம்பு, 8 மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 0.05 மில்லிகிராம். ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் குவார்ட்ஸ் பலகை என்ற இந்தச் செயற்கைக் கல்லையே தடை செய்துவிட்டது, மாஸ்க்கால் சமாளிக்க முடியும் என்று அங்கே விட்டுவிடவில்லை.

ஆகவே உலர் அறுவையை நிறுத்துங்கள். வட்டும் கல்லும் சந்திக்கும் இடத்திலேயே தண்ணீர் விழ வேண்டும், பக்கத்தில் எங்கோ தெளித்தால் போதாது. கை கிரைண்டரில் தண்ணீர் ஊற்ற முடியாத வேலைகளுக்கு, வட்டைச் சுற்றிய உறையோடு தூசி உறிஞ்சும் குழாய் பொருத்தியது கிடைக்கிறது. தண்ணீர் விட்டு அறுத்தாலும் தெறிக்கும் பனித்துளியில் சிலிக்கா இருக்கும், அதனால் மாஸ்க்கை விட்டுவிட முடியாது. தரையில் காயும் சேறு மறுநாள் காலடியில் மறுபடி தூசியாகிறது, ஈரமாக இருக்கும்போதே கழுவித் தள்ளுங்கள். துடைப்பத்தால் உலர்வாகக் கூட்டுவதும், கம்ப்ரஸர் காற்றால் சட்டையை ஊதிக்கொள்வதும் அன்று முழுக்கப் பிடித்த தூசியை மறுபடி முகத்துக்கு நேரே எழுப்பும் வேலை. இரண்டையும் தடை செய்யுங்கள்.

அடுத்து வாடை. என்95 துகளைத்தான் பிடிக்கும். ஆவியும் வாயுவும் அதற்குக் காற்று மாதிரியே, தடையில்லாமல் போகும். கல் ஒட்டும் பாலியெஸ்டர் பசையில் ஸ்டைரீன், துடைக்க அசிட்டோன் என்றால், கரிம ஆவிக்கான (இது போன்ற கரைப்பான்களின் ஆவிக்கான) கார்ட்ரிட்ஜ், அதாவது கரி நிரப்பிய வடிகட்டிக் குடுவை, பொருத்திய ரப்பர் கவசம் வேண்டும். அதே ஆள் அறுக்கவும் செய்தால் துகள் ஃபில்டரும் சேர்ந்த கார்ட்ரிட்ஜ். கடையில் நிறத்தைச் சொல்லி வாங்காதீர்கள். அமெரிக்க முறையில் கரிம ஆவிக்குக் கறுப்பு, ஐரோப்பிய முறையில் பழுப்பு. அமெரிக்க முறையில் வெள்ளை என்றால் அமில வாயு, ஐரோப்பியத்தில் வெள்ளை வெறும் துகள். மேலே அச்சிட்டிருப்பதைப் படித்து, நீங்கள் பயன்படுத்தும் ரசாயனத்தின் பாதுகாப்புத் தாளோடு ஒத்துப்பார்த்து வாங்குங்கள். பெயின்ட் உரிக்கும் திரவத்தில் மெத்திலீன் குளோரைடு இருந்தால் இந்த கார்ட்ரிட்ஜ் சீக்கிரமே தோற்றுவிடும், வெளியிலிருந்து குழாயில் காற்று வரும் கவசம்தான் வேண்டும்.

கார்ட்ரிட்ஜ் எப்போது மாற்றுவது? ‘வாடை வந்தால் மாற்றலாம்’ என்று பலர் இருக்கிறார்கள். எல்லா ஆவிக்கும் வாடை கிடையாது, இருப்பதற்கும் மூக்கு சிறிது நேரத்தில் பழகிவிடும். உற்பத்தியாளர் தரும் கணக்கின்படி மாற்றும் தேதியை முன்கூட்டியே வைத்து, கார்ட்ரிட்ஜ் மேலேயே எழுதுங்கள். ஈரப்பதம் மிகுந்த காற்றில் ஆயுள் குறையும். அசிட்டோன் போல 65 டிகிரிக்குக் கீழே கொதிப்பவற்றுக்கு ஒரு ஷிஃப்டுக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். பிடித்து வைத்த ஆவி இரவில் கரியின் உள்ளே நகர்ந்து, மறுநாள் காலை முதல் மூச்சிலேயே உள்ளே வரும். வேலை முடிந்து ஆணியில் மாட்டி வைத்தால் இரவெல்லாம் பட்டறைக் காற்றிலிருந்து ஆவியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மூடிய பையில் வையுங்கள். ரப்பர் முகப்பை வெதுவெதுப்பான நீரிலும் லேசான சோப்பிலும் கழுவலாம், தின்னரால் துடைக்கக் கூடாது. என்95-ஐக் கழுவவோ சானிடைசர் தெளிக்கவோ கூடாது. துகளை ஈர்க்கும் மின்னூட்டம் போய்விடும், பார்வைக்கு மட்டும் அப்படியே இருக்கும்.

ஏற்கெனவே இருமலோ மூச்சு வாங்கலோ உள்ளவர்களை, இறுக்கமான கவசம் கொடுக்கும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள். கவசம் வழியாக இழுப்பது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் கூடுதல் சுமை. பழைய ஆட்களுக்கு மார்பு எக்ஸ்ரேயும் மூச்சுத் திறன் சோதனையும் எடுத்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: சேறு வடியும் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆளை இறக்குவீர்களானால், இதுவரை சொன்ன எந்த மாஸ்க்கும் அங்கே உதவாது. இவை காற்றை வடிகட்டுமே தவிர ஆக்சிஜனைத் தயாரிக்காது. சாதாரணக் காற்றில் 20.9 சதவீதம் ஆக்சிஜன், 19.5-க்குக் கீழே போனால் ஆபத்து, அதை மூக்கால் கண்டுபிடிக்க முடியாது. மீட்டர் வைத்து அளந்து, காற்றோட்டம் கொடுத்து, மேலே ஒருவரைக் கயிற்றோடு நிறுத்திவிட்டே இறக்க வேண்டும். உள்ளே போனவர் மயங்கி விழுந்தால், மேலே நிற்பவர் கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு பின்னாலேயே குதிக்கக் கூடாது என்று அன்று காலையே அவரிடம் சொல்லிவையுங்கள்.