சிறுவயதில் படித்த புத்தகம் ஏன் மறப்பதில்லை?

திரும்பத் திரும்பப் படித்ததால்தான். பெரியவர்கள் ஒருமுறை படித்து மூடிவிடுகிறோம். பிள்ளைகளோ ஒரே கதையை இருபது தடவை கேட்பார்கள். படித்துக்காட்டியவரின் குரலும் படித்த இடமும் அதோடு சேர்ந்தே மனத்தில் பதியும். சிங்கப்பூரின் ஸ்டாம்ஃபர்ட் சாலைத் தேசிய நூலகம் 2004இல் மூடப்பட்டபோது அத்தனை பேர் கலங்கியதும் அதனால்தான்.

எனக்கு, 1947இல் தொடங்கிய சிறுவர் இதழ் அம்புலிமாமா. சிராங்கூன் சாலையிலிருந்து அப்பா வாங்கிவருவார். தோ பாயோ வீட்டில் பாட்டி வாசிப்பார். விக்கிரமாதித்தன் வாய் திறந்ததும் வேதாளம் முருங்கை மரம் ஏறிவிடும். தெரிந்த முடிவுதான், ஆனாலும் மறுபடி வாசிக்கச் சொல்வேன். முருங்கை மரத்தை நான் அப்போது பார்த்ததில்லை. எங்கள் புளோக்குக்குக் கீழே நின்றது தூங்குமூஞ்சி மரம். வேதாளத்தை அதில்தான் தொங்கவிட்டிருந்தேன். இன்றும் அந்த மரத்தைக் கண்டால் அண்ணாந்து பார்க்கிறேன்.