பிள்ளை பார்க்க வீட்டோடு ஆள் வைப்பது: பெற்றோர் கேள்விகளும் பதில்களும்

கோலாலம்பூர், பினாங்கு பெற்றோரின் கேள்விகள் இவை. பெர்மிட் படிவம், விசாக் கட்டணம் பற்றிக் கேட்டவர்கள் குடிநுழைவுத் துறை முகப்பில் கேட்டுக்கொள்ளுங்கள். வரப்போகும் பெண்ணிடம் பிள்ளையை நம்பி விடலாமா என்று கண்டறிவதைப் பற்றித்தான் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

பாயான் பாரு, 7 மாதக் குழந்தையின் அம்மா: அக்கா, ஏஜென்சி மூன்று இந்தோனேசியப் பெண்களின் பயோடேட்டா அனுப்பியிருக்கிறது. மூன்றிலும் "பிள்ளைகள் என்றால் பிரியம், பொறுமைசாலி" என்றே எழுதியிருக்கிறது. வீடியோ காலில் 20 நிமிடம்தான் தருகிறார்கள். என்ன கேட்பது?

தங்கச்சி, பயோடேட்டாவில் வயது, ஊர், எங்கே எத்தனை வருடம் வேலை செய்தார் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் எல்லாருக்கும் ஒரே மாதிரி அடித்து வைத்திருப்பது. கால் தொடங்கியதும் ஏஜெண்டை அறைக்கு வெளியே போகச் சொல்லுங்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் பதில் அவருடையதாகத்தான் வரும்.

"குழந்தை குளிப்பாட்டத் தெரியுமா, சோறு ஊட்டத் தெரியுமா" என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் "போலே, புவான்" (முடியும், அம்மா) என்றுதான் வரும். அதனால் செய்து முடித்ததைப் பற்றிக் கேளுங்கள். கடைசியாகப் பார்த்த பிள்ளைக்கு நீங்கள் போனபோது எத்தனை மாதம்? எப்படித் தூங்க வைப்பீர்கள்? சாப்பாட்டில் என்ன அடம் பிடிக்கும்? உண்மையிலேயே பிள்ளை பார்த்தவர் கேட்காததையும் சேர்த்துச் சொல்வார்: சோற்றைக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்ளும், காதைத் தடவிக்கொண்டேதான் தூங்கும், இப்படி ஏதாவது. வீட்டு வேலை மட்டும் செய்தவர் "நல்ல பிள்ளை, தொந்தரவே இல்லை" என்று முடித்துவிடுவார். தொந்தரவே இல்லாத 7 மாதக் குழந்தையை யார் பார்த்திருக்கிறார்கள்?

அடுத்தது அழுகை. "பால் குடித்தாயிற்று, பேம்பர்ஸ் மாற்றியாயிற்று, காய்ச்சல் இல்லை, ஒரு மணி நேரமாக அழுகிறது. என்ன செய்வீர்கள்?" தூக்கி நடப்பேன், உடம்பில் ஏதாவது கடித்திருக்கிறதா பார்ப்பேன், உங்களுக்குப் போன் செய்வேன் என்றால் சரி. "அழுகையை நிறுத்திவிடுவேன்" என்றால், எப்படி என்று விடாமல் கேளுங்கள். கைக்குழந்தையின் தலை கனம், கழுத்துக்குப் பலம் கிடையாது. சில விநாடிகள் வேகமாகக் குலுக்கினாலே மூளையில் இரத்தக் கசிவு ஏற்படும், வெளியே ஒரு காயமும் தெரியாது. "நான் அடிக்க மாட்டேன்" என்பவருக்கும் குலுக்குவது ஆபத்து என்று தெரியாமல் இருக்கலாம். அதனால் நீங்களே சொல்லிவிடுங்கள்: "உங்களுக்குக் கோபம் வந்தால் குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு அறைக்கு வெளியே வாருங்கள், எனக்குப் போன் செய்யுங்கள், நான் திட்ட மாட்டேன்." சொல்லும்போது அவர் முகத்தைப் பாருங்கள். நிம்மதி தெரிந்தால் நல்லது.

மூன்றாவது, பால் கலக்கிக் காட்டச் சொல்லுங்கள். பாட்டிலும் பால்மாவும் தயாராக வைக்கும்படி ஏஜென்சியிடம் முதல் நாளே சொல்லுங்கள். கை கழுவுகிறாரா? முதலில் தண்ணீரை அளந்து ஊற்றி, அப்புறம் மாவு போடுகிறாரா? கரண்டியைத் தட்டையாக வழித்து எடுக்கிறாரா, குவித்து அள்ளுகிறாரா? கொதித்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் மாவைக் கலக்க வேண்டும். மாவில் இருக்கக்கூடிய கிருமி சாக அந்தச் சூடு தேவை. பிறகு பாட்டிலைக் குழாய்த் தண்ணீரில் காட்டி ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டும். கலக்கி 2 மணி நேரத்துக்குள் கொடுக்காத பாலையும், குழந்தை குடித்து மிச்சம் வைத்த பாலையும் கொட்டிவிட வேண்டும். "வயிறு நிறையட்டும்" என்று ஒரு கரண்டி கூடப் போடுபவர்கள் உண்டு. அதில் குழந்தையின் உடம்பில் நீர் குறையும், மலச்சிக்கல் வரும்.

இதில் தப்பு வந்தால் உடனே கழித்துவிடாதீர்கள். தெரியாததைச் சொல்லிக்கொடுக்கலாம். தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டுபவரைத்தான் கழிக்க வேண்டும். "உங்கள் வீட்டில் எப்படிக் கலக்குவீர்கள், புவான்?" என்று திருப்பிக் கேட்பவர் முதல் இடத்துக்கு வந்துவிட்டார்.

கடைசி 5 நிமிடம் அவர் கேட்கட்டும். சம்பளம் கேட்பது இயல்பு, அதைக் குறையாக எடுக்காதீர்கள். குழந்தை எங்கே தூங்கும், இரவில் எத்தனை முறை எழும் என்றும் கேட்கிறாரா பாருங்கள்.

செந்தூல் வாசகர்: தமிழ் பேசுகிறவர் வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து உறவுக்காரப் பெண்ணைச் சுற்றுலா விசாவில் வரவழைத்து வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. இந்தியா, இலங்கை இரண்டுமே பணிப்பெண் எடுக்க அனுமதிக்கப்பட்ட நாடுகள்தான். வயது 21 முதல் 45 வரை இருக்க வேண்டும். முறையாக விண்ணப்பித்து, வேலை பெர்மிட்டோடு வரட்டும். பெர்மிட் இல்லாதவரை வேலைக்கு வைத்தால் குடிநுழைவுச் சட்டம் 55பி பிரிவின்படி 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. குழந்தைக்கு ஏதாவது நேர்ந்தால், பிடிபடுவோம் என்ற பயத்தில் அந்தப் பெண் ஆம்புலன்சைக் கூப்பிடத் தயங்குவார்.

இதையே வேறு வேறு விதமாகக் கேட்ட மற்றவர்களுக்கும் பதில் இதுதான்.

புச்சோங் தம்பதி: சம்பளம் எவ்வளவு?

இந்தோனேசியாவோடு 1-4-2022இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி குறைந்தது 1,500 ரிங்கிட். வங்கிக் கணக்கில் போடுங்கள், மாதம் முடிந்து 7 நாளுக்குள். 1-6-2021 முதல் வீட்டுப் பணியாளர்களுக்கும் சொக்சோ (சமூகப் பாதுகாப்புக் காப்பீடு) கட்டாயம், அதை மறக்காதீர்கள்.

ஜெலுத்தோங் வாசகி: ஏஜென்சி நம்பகமானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தனியார் வேலைவாய்ப்பு முகவர் சட்டம் 1981இன் கீழ் 'சி' வகை உரிமம் இருக்க வேண்டும். எண்ணைக் கேட்டு வாங்கி, தொழிலாளர் துறையில் சரிபாருங்கள். ஆள் மாற்றிக் கொடுப்பது எத்தனை மாதத்துக்குள், எத்தனை முறை, யார் செலவில் என்பது எழுத்தில் இருக்கட்டும்.

கிள்ளான், இரண்டு பிள்ளைகளின் அப்பா: அக்கா, ஏஜென்சிக்கு 15,000 ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்திருக்கிறோம். கடப்பிதழை (பாஸ்போர்ட்டை) நான் வைத்துக்கொள்கிறேன். வேலைக்குப் போகும்போது கிரில்லை (வாசல் கம்பிக்கதவை) வெளியே பூட்டிச் சாவியை எடுத்துப் போய்விடுகிறோம். பிள்ளைகளுக்கும் அதுதானே பாதுகாப்பு?

தம்பி, இதை இன்றைக்கே நிறுத்துங்கள். அடுப்படியில் தீப்பிடித்தால் அந்த வீட்டில் மூன்று பேர் மாட்டிக்கொள்வார்கள், அதில் இரண்டு உங்கள் பிள்ளைகள். நம் தரைவீடுகளில் சன்னலுக்கும் கம்பி, பின்கதவுக்கும் கம்பி. தீயணைப்பு வண்டி வந்து வெட்டுவதற்குள் புகை உள்ளே நிரம்பிவிடும். பிள்ளைக்குத் தொண்டையில் திராட்சை அடைத்தால் பக்கத்து வீட்டாரைக்கூட உள்ளே விட முடியாது.

கடப்பிதழ் அவருடையது. அடுத்தவர் கடப்பிதழை வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம்: 10,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இந்தோனேசியாவோடு 2011 மே மாதம் செய்த உடன்பாட்டிலேயே கடப்பிதழ் பணிப்பெண்ணிடம் இருக்க வேண்டும், வாரம் ஒரு நாள் ஓய்வு என்று இருக்கிறது. பூட்டுள்ள ஓர் இழுப்பறையைக் கொடுத்துச் சாவியை அவரிடமே விடுங்கள். உங்களுக்கு நகல் போதும்.

செராஸ் வாசகர்: கிள்ளான் அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே. போனும் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை லீவும் கொடுத்தால் யாரோடாவது பழகி ஓடிப்போகிறார்கள். நட்டம் நமக்குத்தான்.

ஆயர் ஈத்தாம் வாசகி: ஆள் ஓடுகிற வீட்டில் சம்பளம் ஒழுங்காகப் போகிறதா என்று முதலில் கேளுங்கள், அண்ணே. காலை 5 மணிக்கு எழுந்து கார் கழுவி, சமைத்து, இரவில் கைக்குழந்தைக்கு மூன்று முறை எழுந்தால் யார்தான் இருப்பார்கள்?

கிள்ளான் அப்பா மீண்டும்: சரி, சாவியைக் கொடுக்கிறேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டால்?

மூவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். போட்ட பணம் போய்விடுமே என்ற கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பணத்தைக் காப்பாற்ற வேண்டிய இடம் ஏஜென்சி ஒப்பந்தம். கிரில் பூட்டில் அதைத் தேடாதீர்கள். செராஸ் தம்பி, தூக்கமில்லாமல், வீட்டோடு பேச வழியில்லாமல், வெளிக்காற்றே படாமல் இருப்பவர் கையில்தான் நாள் முழுக்க நம் பிள்ளை இருக்கிறது. குழந்தையைக் குலுக்கிவிடும் நொடி களைப்பில்தான் வருகிறது. அவருடைய ஓய்வு நாள் உங்கள் பிள்ளைக்கான பாதுகாப்பும்தான். இரவில் குழந்தைக்கு எழுபவர் என்றால் பகலில் 2 மணி நேரம் தூங்க விடுங்கள், அந்த நேரம் துணி இஸ்திரி போடச் சொல்லாதீர்கள். அவருக்கு ஊரில் பிள்ளை இருந்தால், தினமும் அதோடு பேச ஒரு நேரம் ஒதுக்கிக் கொடுங்கள். உங்கள் கடையிலோ அம்மா வீட்டிலோ வேலை வாங்காதீர்கள், பெர்மிட் உங்கள் வீட்டு முகவரிக்குத்தான்.

கிள்ளான் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. உள்ளிருந்து சாவி இல்லாமல் திருகித் திறக்கும் பூட்டாகக் கிரில்லுக்குப் போடுங்கள், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில். மாற்றும்வரை சாவி வீட்டுக்குள்ளேயே, கதவுப் பக்கத்து ஆணியில் தொங்கட்டும். வெளியே போவதற்கு விதி எழுதுங்கள்: மாலை 5 முதல் 6 வரை விளையாட்டுத் திடல், கிளம்பும்போது ஒரு வாட்சாப் படம், திரும்பியதும் ஒன்று. பக்கத்து வீட்டில் ஒருவரை முதல் நாளே அறிமுகப்படுத்தி வையுங்கள். சும்மா வந்து எட்டிப் பார்க்கவும் அவர் உதவுவார்.

ஜாலான் ஈப்போ வாசகர்: பணிப்பெண் ஓடிவிட்டால் என்ன செய்வது?

ஓடாமலிருக்க வழி மேலே சொல்லியிருக்கிறேன். ஓடிவிட்டவர் பற்றி என்றால் போலீஸ் புகார், பிறகு குடிநுழைவுத் துறை, பிறகு ஏஜென்சி. இந்தக் கேள்விக்கு இனி பதில் இல்லை.

பட்டர்வொர்த் வாசகி: மகனுக்கு ஜி6பிடி குறைபாடு (சில பொருள்களால் இரத்தச் சிவப்பணு உடையும் பிறவிக் குறை) என்று பிறந்தபோதே சொன்னார்கள். வரும் பெண்ணுக்கு என்ன சொல்ல வேண்டும்?

நல்ல வேளை, கேட்டீர்கள். நேர்காணலிலேயே சொல்லிவிடுங்கள். அலமாரியில் போடும் அந்துருண்டை வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. அவர் தன் துணிப்பையில் வைத்துக் கொண்டுவந்திருக்கலாம், முதல் நாளே கேட்டு எடுத்துவிடுங்கள். ஃபாவா பீன்ஸ் கூடாது. அதை வறுத்து நொறுக்குத் தீனியாகவும் விற்கிறார்கள். மூலிகை மருந்து, தெரிந்தவர் தந்த மாத்திரை எதுவும் உங்களைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது. கண் மஞ்சளானாலோ, உடம்பு வெளுத்தாலோ, சிறுநீர் தேயிலைச் சாயம் மாதிரி போனாலோ உடனே மருத்துவமனை.

இன்னொன்று எல்லாருக்கும். பாராசெட்டமோல் சிரப் இங்கே 5 மில்லியில் 120 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று இரண்டு வலுவில் கிடைக்கிறது. பழைய பாட்டிலின் அளவைப் புதுப் பாட்டிலுக்கும் போட்டால் மருந்து இரண்டு மடங்காகிவிடும். வீட்டில் ஒரு வகை மட்டும் வைத்து, டாக்டர் சொன்ன மில்லி அளவைப் பாட்டில் மேலேயே எழுதி ஒட்டுங்கள். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தின் எண் 1-800-88-8099. அதையும் அவசர எண் 999ஐயும் ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள், உங்கள் வீட்டு முகவரியோடு. புதிதாக வந்தவருக்கு முகவரி வாயில் வராது.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: வீட்டில் நாய் இருக்கிறது. பன்றி இறைச்சியும் சமைப்போம்.

வீடியோ காலிலேயே சொல்லுங்கள். முஸ்லிம் பெண் என்றால் அவர் சம்மதம் தெளிவாக வேண்டும், தனிச் சட்டி வேண்டும். உங்கள் வீட்டில் மாட்டிறைச்சி கூடாதென்றால் அதையும் அப்போதே சொல்வதுதான் முறை.

கெப்போங் வாசகி: மறைவாகக் கேமரா வைக்கலாமா?

கேமரா வையுங்கள், ஆனால் அவருக்குச் சொல்லிவிட்டு. கூடம், சாப்பாட்டு மேசை, பகலில் குழந்தை படுக்கும் இடம் போதும். அவர் தூங்கும், துணி மாற்றும் அறையிலும் குளியலறையிலும் கூடவே கூடாது. மதிய உணவுக்கு முந்திய ஒரு மணி நேரத்தைப் பாருங்கள். பிள்ளைக்குப் பசி, அவருக்குச் சமையல், இரண்டும் மோதும் நேரம் அது. கேமரா இருக்கிறது என்று கிரில்லைப் பூட்டிவிடாதீர்கள்.

டாமான்சாரா வாசகி: பக்கத்து பிளாட்டில் ஒரு அம்மா பிள்ளைகள் பார்க்கிறார். அங்கே விடலாமா?

4 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நான்கு பேரோ அதற்கு மேலோ இருந்தால், 1984ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டப்படி சமூக நலத்துறையில் பதிந்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். மற்றது இந்தத் தலைப்பில் வராது.

தஞ்சோங் பூங்கா, 4 மாதக் குழந்தையின் அம்மா: ஆள் வந்து எத்தனை நாளில் தனியாக விட்டுப் போகலாம்?

முதல் 14 நாள் முழு நாளும் தனியாக விடக்கூடாது; முதல் வாரம் நீங்களோ பாட்டியோ வீட்டிலேயே இருக்க வேண்டும். முதல் மூன்று நாள் நீங்கள் செய்ய, அவர் பார்க்கட்டும். அடுத்த நான்கு நாள் அவர் செய்ய, நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்; குளிப்பாட்டும்போது கட்டாயம். குளிக்கும் தொட்டியில் சில அங்குலத் தண்ணீரே குழந்தை மூழ்கப் போதும், போன் அடித்தாலும் கையை எடுக்கக்கூடாது என்பதைச் செய்து காட்டுங்கள். குழந்தை மல்லாக்கத்தான் படுக்க வேண்டும், தலையணை வேண்டாம். தொண்டையில் அடைப்பு ஏற்பட்டால் குப்புறச் சாய்த்து முதுகில் 5 தட்டு, திருப்பி நெஞ்சில் 5 அழுத்து. பொம்மையை வைத்து அவர் செய்து காட்டும்வரை விடாதீர்கள்.

இரண்டாம் வாரம் அரை மணி நேரம் கடைக்குப் போய் வாருங்கள், பிறகு 2 மணி நேரம், பிறகு அரை நாள். ஒவ்வொரு முறையும் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே திரும்புங்கள். வந்ததும் குழந்தையின் துணியைக் கழற்றி உடம்பை முழுக்கப் பாருங்கள். 4 மாதக் குழந்தை தவழாது, நடக்காது, அதன் உடம்பில் கன்றிய தடம் இருந்தால் காரணம் கேட்டே ஆக வேண்டும். பால் குடித்த நேரம், அளவு, தூக்கம், பேம்பர்ஸ் மாற்றியது எல்லாம் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பால்மா டின்னின் அளவோடு நோட்டு ஒத்துப்போகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள்.

இந்த நாட்களில் மனது ஒப்பவில்லை என்றால், தயங்காமல் ஏஜென்சியிடம் ஆள் மாற்றக் கேளுங்கள். ஒப்பந்தத்தை முறிப்பதானால் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 57ஆம் பிரிவுப்படி இரு தரப்புக்கும் 14 நாள் முன்னறிவிப்பு. நாளைக்குத் தனியாக விடுகிறீர்கள் என்றால், இன்றிரவே கிரில் சாவி உள்பக்கம் இருக்கிறதா பாருங்கள்.