பழைய சந்தையில் கிடைத்த துணியை வைத்துப் புதிதாக ஏதாவது செய்து பார்த்திருக்கிறீர்களா? எங்கிருந்து தொடங்குவது?

செய்து கொண்டிருக்கிறேன், நான்கு வருடமாக. என்னைத் தொடங்க வைத்தது சேலையோ சால்வையோ இல்லை, கட்டைவிரல் அகலமுள்ள ஒரு சிவப்பு நாடா. அதுவும் இரண்டு துண்டாக வெட்டப்பட்டது.

நான் யாங்கோனில் இருக்கிறேன். வீட்டில் இன்னும் ரங்கூன் என்றுதான் சொல்வோம். இங்கே பழைய சாமான் தேடுகிறவர்கள் முதலில் போகிற இடம் போஜோ மார்க்கெட். 1926இல் கட்டியது, அப்போது ஸ்காட் மார்க்கெட் என்று பெயர். எங்கள் பெரியவர்களுக்கு இன்றைக்கும் அது ஸ்காட் மார்க்கெட்தான். திங்கட்கிழமை கடை இருக்காது. முன்பக்கம் நகைக்கடை, பச்சைக்கல் கடை, லுங்கிக் கடை. நான் போவது உள்ளே குறுகலான சந்துகளுக்கு. பழைய வெற்றிலைச் செல்லம், அன்னப்பறவை வடிவத்தில் செய்த பித்தளைப் படிக்கல், பிரிட்டிஷ் காலத்து ரூபாய் எல்லாம் கண்ணாடிப் பெட்டியில் கலந்து கிடக்கும்.

அப்படி ஒரு பெட்டியில்தான் அந்த இரண்டு துண்டுகளும் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். சிவப்பில் வெள்ளை எழுத்து. பூவேலை என்று நினைத்துத்தான் கையில் எடுத்தேன். பள்ளியில் நான் படித்தது பர்மிய மொழியில். தமிழ் கோயில் வகுப்பில் கற்றது. அதனால் பர்மிய எழுத்து கண்ணில் பட்டதும் வாய் தானாகப் படித்துவிட்டது. ஒரு துண்டில் ஓர் ஊர்ப் பெயரின் பாதி. இன்னொன்றில் “இந்தப் புண்ணியத்தை” என்ற சொல்லும், 1279 என்ற வருடமும். பர்மிய வருடத்தோடு 638ஐக் கூட்டினால் ஆங்கில வருடம் வரும்; ஆக 1917. எழுத்து மேலே தைத்ததும் இல்லை, அச்சடித்ததும் இல்லை. நெசவிலேயே இருந்தது.

கடைக்காரப் பெண் என்னைவிட வயதில் சின்னவர். “அமா, புத்தகத்தில் அடையாளம் வைக்க நன்றாக இருக்கும்” என்றார். (பர்மிய மொழியில் அமா என்றால் அக்கா. தமிழ்க் காதுக்கு அது அம்மா என்றே கேட்கும்.) முழு நாடாவாக வந்ததாம். யாரும் வாங்கவில்லை, வெட்டினால் போகும் என்று வெட்டியிருக்கிறார்கள். மற்ற துண்டுகள் விற்றுவிட்டன. அன்றைக்கு எனக்கு வந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. யாரோ ஒருவர் நூறு வருடத்துக்கு முன்னால் பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்ட வாக்கியம் அது. இப்போது எந்தெந்த ஊரில், எந்தெந்தப் புத்தகத்துக்குள் கிடக்கிறதோ.

அதன் பெயர் சாஸிஜோ. சா என்றால் எழுத்து, ஸி என்றால் கட்டுவது, ஜோ என்றால் கயிறு. ஓலைச்சுவடி கட்டுகிற கயிறு, அவ்வளவுதான். நம் ஏட்டுச்சுவடி தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். நாமும் ஒரு காலத்தில் ஓலையில் துளை போட்டு, நாராசம் என்ற குச்சியைச் செருகி, மேலும் கீழும் சட்டம் வைத்துக் கயிற்றால் சுற்றினோம். பர்மாவிலும் துளை, குச்சி, பலகை எல்லாம் உண்டு. அதன்மேல் ஒரு துணியைப் போர்த்தி, துணிக்குமேல் இந்த நாடாவைச் சுற்றினார்கள். நான்கைந்து மீட்டர் நீளம் இருக்கும். ஒரு முனையில் கண்ணி, மறுமுனையில் மெல்லிய கயிறு. நடுவில் இருப்பதெல்லாம் எழுத்தும் படமும்: பகோடா, சிங்கம், பறவை, அப்புறம் அந்தச் சுவடியை மடத்துக்குத் தானம் செய்தவர்களின் பெயர், அவர்கள் வேண்டுதல், இந்தப் புண்ணியத்தில் எல்லா உயிர்க்கும் பங்கு உண்டு, எல்லோரும் சாது சாது (நல்லது, நல்லது) என்று சொல்லட்டும் என்ற முடிவு. அச்சுப் புத்தகம் வந்து ஓலை போனதும் நாடாவுக்கும் வேலை இல்லாமல் போய்விட்டது.

நம்மிடம் கயிறு வெறும் கயிறாகவே இருந்துவிட்டது. இவர்கள் கயிற்றையும் எழுத வைத்திருக்கிறார்கள். எனக்கு அதுதான் பிடித்துப்போனது.

சரி, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். பழைய துணி கையில் வந்ததும் கத்தரியைத் தேடாதீர்கள். அதைத் திருப்பிப் பாருங்கள். என் நாடாவின் பின்பக்கத்தில் வெள்ளையில் சிவப்பு எழுத்து இருந்தது, கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி. மேலே ஒரு நிறம் இருக்கும் இடத்தில் கீழே மற்ற நிறம். அப்படியென்றால் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு நிற நூலும் இருக்கிறது, எது மேலே வரவேண்டும் என்று நெய்தவர் ஒவ்வொரு வரியிலும் முடிவு செய்திருக்கிறார். அதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு மாதம் ஆனது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் நீளவாக்கில் ஓடும் பாவு நூல்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு ஓடுவது தெரியும். சாதாரணத் தறியில் அப்படி முறுக்கு வராது. இது அட்டைத் தறி.

தறி என்று சொன்னாலும் மரச்சட்டம் எதுவும் வேண்டாம். சதுர அட்டைகள், ஒவ்வொன்றிலும் நான்கு மூலைக்கு நான்கு துளை, ஒவ்வொரு துளையிலும் ஒரு நூல். அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி சேர்த்துப் பிடித்துக் கால் சுற்று சுற்றினால் மேல் நூலுக்கும் கீழ் நூலுக்கும் நடுவே வாய் திறக்கும். அதில் குறுக்கே போகிற ஊடை நூலை விட்டு, மர ஸ்கேலால் தட்டி இறுக்க வேண்டும். மறுபடி கால் சுற்று. பாவின் ஒரு முனை என் வீட்டு ஜன்னல் கம்பியில், மறுமுனை என் இடுப்பில். நான் பின்னால் சாய்ந்தால் பாவு விறைக்கும், முன்னால் வந்தால் தளரும்.

பழைய சீட்டுக்கட்டிலேயே அட்டை வெட்டினேன். இரண்டு அங்குலச் சதுரம், மூலைகளை உருட்டி வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்து நூலைப் பிராண்டும். துளைகளுக்கு அ, ஆ, இ, ஈ என்று பெயர் எழுதிக்கொண்டேன். எழுத்து வரவேண்டும் என்றால் அ, ஆ இரண்டிலும் சிவப்பு, இ, ஈ இரண்டிலும் வெள்ளை. இரண்டு முறை முன்னால், இரண்டு முறை பின்னால் என்று மாறி மாறிச் சுற்றினால் மேலே ஒரே நிறமாக நிற்கும். எந்த இடத்தில் நிறம் மாற வேண்டுமோ அங்கே, அந்த அட்டைகளை மட்டும் தனியாக எடுத்து அரைச் சுற்று கூடுதலாகச் சுற்றி மறுபடி கூட்டத்தில் சேர்க்க வேண்டும். முப்பது அட்டை, நூற்றிருபது நூல். இதில் ஒரே ஓர் அட்டை திசை மாறிவிட்டாலும் நாலு வரி கழித்துத்தான் கண்ணில் படும். அப்புறம் நாலு வரியையும் பிரிக்க வேண்டும். க்ரோஷே நூல் போதும். முறுக்கு நன்றாக ஏறிய பருத்தி நூல் எதுவும் சரிவரும். கம்பளி வேண்டாம், அட்டையில் உரசி உரசிப் பஞ்சாகிவிடும்.

முதலில் நான் நெய்த சொல் ‘படம்’. காரணம் இருக்கிறது. ப, ட இரண்டும் நேர்கோட்டு எழுத்துகள், ம கொஞ்சம்தான் வளையும். ஒரு நிமிர்ந்த கோடு, ஒரு படுத்த கோடு, அதில் ட முடிந்துவிடுகிறது. அட்டை நெசவுக்கு நேர்கோடு பிடிக்கும், வளைவு பிடிக்காது. வளைவெல்லாம் படிக்கட்டாகத்தான் ஏறி இறங்கும். பர்மிய எழுத்து முழுக்க வட்டம். அவர்களுடைய ‘வ’ வெறும் பூஜ்யம் மாதிரி இருக்கும். அந்த வட்டம் என் 1917 நாடாவில் எட்டு மூலையோடு நிற்கிறது. ஓலையில் நேர்கோடு இழுத்தால் நரம்போடு கிழியும், அதனால் எழுத்து வளைந்தது என்று சின்ன வயதில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், தமிழ் வகுப்பிலும் பர்மிய வகுப்பிலும். ஓலைக்காக வளைந்த எழுத்து, ஓலையைக் கட்டுகிற நாடாவுக்கு வந்ததும் மறுபடி மூலை வைத்துக்கொண்டது. இதை நான் எங்கும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் இடுப்பில் கட்டிய பாவில் பார்த்தேன். கையால் செய்கிற வேலை கொடுக்கிற சந்தோஷத்தில் இதற்குமேல் எனக்கு எதுவும் வேண்டாம்.

‘படம்’ என்பதில் கடைசி எழுத்து ம். புள்ளி வைக்க வேண்டும். ஓலையில் எழுதியவர்கள் பல நேரம் புள்ளி வைக்கவில்லை. எழுத்தாணி குத்தினால் ஓலை ஓட்டையாகும். படிக்கிறவர்தான் ‘படம’ என்பதைப் படம் என்று ஊகிக்க வேண்டும். எனக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் எழுத்துக்கு மேலே புள்ளிக்கு இடம் விட்டால் எல்லா எழுத்தும் மூன்று அட்டை குள்ளமாகிவிடும். இரண்டு நாள் யோசித்துப் புள்ளி வைத்தேன். இரண்டு அட்டை, நிறம் மாற ஓர் அரைச்சுற்று, திரும்ப மாற இன்னோர் அரைச்சுற்று. நல்ல நெல்மணி அளவில் வந்தது.

அட்டை நெசவுதான் செய்ய வேண்டும் என்று இல்லை. இங்கே இன்னும் உயிரோடு இருக்கிற துணிவேலைகளே நிறைய. மண்டலேக்குப் பக்கத்தில் அமரபுராவில் லுன்தயா என்ற பட்டுத்துணி நெய்கிறார்கள். பெயருக்கு நூறு நாடா என்று பொருள். இது கட்டுகிற நாடா இல்லை, ஊடை நூலைக் கொண்டுபோகிற தறி நாடா. அலை அலையாக ஓடும் அந்த வேலைக்காகத் தறியில் இரண்டு பேர் உட்கார்ந்து சின்னச் சின்ன நாடாக்களைக் கைமாற்றிக்கொண்டே இருப்பார்கள். காஞ்சிபுரத்தில் சேலை உடலோடு வேறு நிறக் கரையைக் கோத்து நெய்கிற கோர்வைக் கரைக்கு இரண்டு பேர் உட்காருவதைப் பார்த்தவர்களுக்கு அது புதிதாகத் தெரியாது. இன்லே ஏரியில் தாமரைத் தண்டை ஒடித்து இழுத்து, வரும் இழையை ஈரப் பலகையில் உருட்டி நூலாக்குகிறார்கள். நம் வீடுகளில் தாமரைத் தண்டுத் திரி போட்டு விளக்கேற்றுகிறோமே, அதே இழை. அங்கே அது புத்தர் சிலைக்கும் பிக்குவுக்கும் ஆடையாகிறது. மண்டலேயின் ஷ்வேச்சீடோ, பஞ்சு அடைத்து ஜரிகையும் ஜிகினாவும் தைக்கிற திரை, அழகுதான். ஆனால் பழையது என்று விற்பதில் பெரும்பகுதி புதிதாகத் தைத்துப் பழுப்பேற்றியது. வாங்கினால் புதிது என்றே நினைத்து வாங்குங்கள்.

பழசா புதுசா என்று பார்க்க நான் செய்வது இதுதான்: மடிப்பைப் பிரித்து உள்ளே பார்ப்பேன். வெயிலும் தூசியும் வெளிப்பக்கத்தைத்தான் தின்னும். உண்மையில் பழையது என்றால் மடிப்புக்குள் சிவப்பு இன்னும் சிவப்பாகவே இருக்கும். உள்ளும் புறமும் ஒரே சீராகப் பழுப்பாக இருந்தால் தேயிலைத் தண்ணீரில் முக்கியிருக்கலாம். இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது: நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழம்பொருளை அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டுக் கொண்டுபோகக் கூடாது என்று 2015 சட்டம் சொல்கிறது. துண்டு நாடா என்றாலும் என் கண்ணில் அது அப்படிப்பட்ட பொருள்தான். பார்த்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, கையால் நெய்யக் கற்றுக்கொண்டு போங்கள்.

என் இரண்டு துண்டுகளையும் நான் எதிலும் சேர்த்துத் தைக்கவில்லை. அப்படிச் செய்யச் சொல்லி நண்பர்கள் கேட்டார்கள். சட்டம் போட்டு மாட்டச் சொன்னார்கள், பையின் மேல் தைக்கச் சொன்னார்கள். பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். வெட்டிய ஓரம் பிரியாமல் இருக்க மெல்லிய நூலால் நாலு தையல் மட்டும் போட்டேன். போஜோவுக்குப் போகும்போதெல்லாம் மற்ற துண்டுகள் ஏதாவது திரும்பி வந்திருக்கிறதா என்று அந்தப் பெட்டியைப் பார்க்கிறேன். அந்தப் பெண்ணும் இப்போது எனக்காகத் தேடுகிறார். முழு நாடா எதுவும் வந்தால் வெட்டுவதற்கு முன்னால் போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்போது நெய்வது என் அப்பாவுக்காக. அவர் கோயிலில் பாடுகிற பாட்டுகளையெல்லாம் ஒரு நீளக் கணக்கு நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் போனார். முதுகு பிய்ந்து தாள்கள் தனித்தனியாக வந்துவிட்டன. பசை போட எனக்கு மனம் வரவில்லை. ஒரு பழைய லுங்கித் துணியில் சுற்றி, மேலே நாடா கட்டலாம் என்று முடிவு செய்தேன். ஒரு முனையில் கண்ணி, அப்புறம் அவர் பெயர், ஊர்ப் பெயர், ‘கைப்பட எழுதியது’ என்ற சொற்கள், வருடம், அதற்குப் பிறகு ஒரு மயில். ‘கை’யின் கொம்புக்குக் கட்டத்தாளில் ஆறு முறை வரைந்து அழித்தேன். ஐகாரத்தின் இரண்டு சுழியும் முப்பது அட்டைக்குள் அடங்க மறுத்தன. கடைசியில் ஒரு சுழியை வட்டமாக விடாமல் சதுரமாகவே மூடினேன், தள்ளி நின்று பார்த்தால் சரியாகத் தெரிகிறது. ‘எ’ சுலபமாக வந்தது. ‘ழு’ இன்னும் வரவில்லை. ழகரத்தின் கீழ்ச்சுழியும் உகரத்தின் வாலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. அகலத்தை இரண்டு கட்டம் கூட்டிப் புதிதாக வரைந்திருக்கிறேன். இன்று மின்சாரம் இருந்தால் ராத்திரி அதைச் சுற்றிப் பார்க்க வேண்டும்.