கீபோர்டோடு சேராத புதிய ‘ஹல்லேலூயா’

கேள்வி: குன்னூரில் எங்கள் சர்ச் கொயரில் டெனர் (ஆண்களின் மேல் குரல்) பாடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு ஹேண்டல் இசையமைத்த ‘மெசையா’ என்ற இசைப் படைப்பிலிருந்து ‘ஹல்லேலூயா’ எடுத்திருக்கிறோம். வீட்டில் பழகுவதற்காகப் புதிதாக வந்த ரெக்கார்டிங் ஒன்றை ஃபோனில் போட்டுக் கேட்டால், கீபோர்டை விட அரை சுரம் கீழே இருக்கிறது. பழைய கேசட்டில் இப்படி இல்லை. எதில் கோளாறு? கீபோர்டை டிரான்ஸ்போஸ் செய்து (சுருதியை இறக்கி) பழகலாமா?

பதில்: எதிலும் கோளாறு இல்லை. கேசட் காலத்தில் பேட்டரி தளர்ந்தால் சுருதி இறங்கும். அந்த ஞாபகத்தில் ஃபோனைச் சந்தேகிக்க வேண்டாம். அந்த ரெக்கார்டிங்கில் பாடிய குழு வேண்டுமென்றேதான் கீழே பாடியிருக்கிறது.

இன்றைய கீபோர்டில் நடு ‘ஏ’ என்ற சுரம் நொடிக்கு 440 அதிர்வு. ‘மெசையா’ முதன்முதலில் டப்ளினில் பாடப்பட்ட 1742இல் இப்படி ஒரு பொது அளவே கிடையாது. ஊருக்கு ஊர், ஆர்கனுக்கு ஆர்கன் மாறும். பிற்காலத்தில் பழைய வாத்தியங்களைப் பழைய முறையிலேயே வாசிக்கக் கிளம்பியவர்கள், வசதிக்காக 415 என்று ஓர் அளவை வைத்துக்கொண்டார்கள். 440க்கும் அதற்கும் இடைவெளி அரை சுரம். நம் ஊர் கணக்கில், அதாவது பாடகர் வைத்துக்கொள்ளும் ஆதார சுருதியைக் ‘கட்டை’யில் சொன்னால், ‘ஹல்லேலூயா’ ரெண்டு கட்டையில் எழுதப்பட்டது. உங்கள் ஃபோனில் ஒன்றரைக் கட்டையில் கேட்கிறது. ஒரே கீர்த்தனையை ஒருவர் ஒரு கட்டையிலும் இன்னொருவர் ரெண்டரையிலும் பாடினால் நாம் யாரையும் குறை சொல்வதில்லையே, அதுபோலத்தான்.

உங்கள் கேசட் பெரும்பாலும் நவீன ஆர்கெஸ்ட்ராவோடு பதிவானதாக இருக்கும். இசைக்குழு நடத்துநர் தாமஸ் பீச்சமின் 1959 பதிவில் சிம்பல் கூட உண்டு, பிரம்மாண்டம்! 1980இல் வெளியான, இன்னொரு நடத்துநர் கிறிஸ்டோபர் ஹாக்வுட்டின் பதிவு மாதிரியானவை வேறு வழியில் போயின: சின்ன கொயர், பழைய வாத்தியங்கள், துள்ளலான வேகம். இப்போது வருபவற்றில் பல அந்த வழிதான். வாங்கும் முன் ஆர்கெஸ்ட்ராவின் பெயரைப் பாருங்கள். ‘பரோக்’, ‘ஏன்ஷியன்ட்’, ‘பீரியட்’ என்று இருந்தால் சுருதி இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். சில பிரெஞ்சு இசைப் பதிவுகள் 392க்கே, அதாவது ஒரு முழு கட்டை, இறங்கிவிடும்.

சரி, டிரான்ஸ்போஸ் விஷயம். கீபோர்டை இறக்காதீர்கள். ஒரு மாதம் ஒன்றரைக் கட்டையில் பழகிய தொண்டைக்கு, ஆராதனையன்று ரெண்டு கட்டை மலையேற்றமாக இருக்கும். ‘கிங் ஆஃப் கிங்ஸ்’ படிப்படியாக ஏறும் இடத்தில் சோப்ரானோக்களுக்கு (பெண்களின் மேல் குரல்) இன்னும் திண்டாட்டம். பதிலாக ரெக்கார்டிங்கை அரை சுரம் ஏற்றுங்கள். வேகம் மாறாமல் சுருதியை மட்டும் மாற்றும் ஆப்கள் நிறைய உண்டு. அதே ஆப்பில் வேகத்தையும் குறைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் புதிய பதிவுகளின் ஓட்டத்துக்கு நம் கொயர்களுக்கு மூச்சு போதாது.

என்னைக் கேட்டால், கற்றுக்கொள்ளப் புதியதுதான் நல்லது. நூறு பேர் பாடும் பதிவில் டெனர் குரல் கரைந்துவிடும். இருபது பேர் பாடும்போது ‘அண்ட் ஹி ஷல் ரெய்ன்’ பகுதியில் பேஸ் (ஆண்களின் கீழ்க் குரல்) தொடங்கி, அடுத்து டெனர் நுழைவது துல்லியமாகக் காதில் விழும். உச்சரிப்பு, மூச்சு எடுக்கும் இடம் எல்லாம் அதில் கேட்டுக்கொள்ளுங்கள். வாய் திறந்து பாடுவதைக் கீபோர்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று, நம் மலைக்கே உரியது. உங்கள் சர்ச்சில் குழல் ஆர்கன் இருந்தால் டிசம்பர் காலையில் அதுவும் கொஞ்சம் இறங்கியிருக்கும். உயரத்தால் அல்ல, குளிரால். குழலுக்குள் காற்று குளிர்ந்தால் ஒலி மெதுவாகப் போகிறது. 10 டிகிரி குறைந்தால் அரை சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருதி விழும். எலக்ட்ரானிக் கீபோர்டு இறங்காது, அதனால் இரண்டையும் சேர்த்து வாசிக்கும் திட்டம் இருந்தால், அன்று காலை கீபோர்டின் ஃபைன் ட்யூனிங்கை ஆர்கனுக்குச் சரிசெய்துவிட்டு ஆரம்பியுங்கள்.