பால் குறைத்தால் பிள்ளையின் தலையில் கோத்த நீர் வற்றுமா?

மார்த்தாண்டத்திலிருந்து கேட்டவருக்கு: வற்றாது. ஆறு மாதப் பிள்ளைக்குப் பாலைக் குறைக்கவே வேண்டாம்.

அது குடிக்கிற நீர் அல்ல. மூளைக்குள் உள்ள நான்கு அறைகளில் கோராய்டு பின்னல் என்ற ரத்தக்குழாய்க் கொத்து ரத்தத்திலிருந்து அதைச் சுரக்கிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லி. ஒரு நேரத்தில் இருப்பதோ 150 மில்லிதான். ஆகவே வடிந்துகொண்டே இருந்தாக வேண்டும். பக்க அறைகள் இரண்டிலிருந்து மூன்றாவதுக்கு, பிறகு ஓரிரு மில்லிமீட்டரே அகலமான குழாய் வழியே நான்காவதுக்கு, கடைசியில் மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றிவந்து சிரை ரத்தத்தில் கலக்கிறது. அந்தக் குழாய் அடைபட்டாலும் சுரப்பு நிற்காது. மேலே உள்ள மூன்று அறைகளும் வீங்கும்.

புருவத்துக்குச் சற்று மேலே, பின்மண்டைப் புடைப்பைச் சுற்றி டேப் வைத்து வாராவாரம் அளந்து எழுதுங்கள். உச்சிக்குழி புடைத்தாலோ, வாந்தி தொடர்ந்தாலோ, கருவிழி கீழ்நோக்கியே நின்றாலோ காத்திருக்காமல் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.